வேலிக்கு வெளியே நின்ற தறி

வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து இரவில் திருப்பூருக்குப் புறப்படும் பேருந்துகளில் நம் மாணவர்கள் பலர் ஏறிப் போயிருக்கிறார்கள். தமிழிலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு நாஞ்சில் நாட்டில் வேலை எளிதில் அமைவதில்லை. பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதவும், சரக்கைச் சரிபார்க்கவும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பவும் ஆள் தேவைப்படுகிறது. அப்படிப் போன மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தோம். கோட்டாற்றில் பழைய வீடு. திண்ணையில் அவருடைய தாத்தா அமர்ந்திருந்தார். நாற்பதாண்டுக் காலம் தறிக்குழியில் காலை வைத்து வேட்டியும் நேரியலும் நெய்தவர். தறி என்றோ கழற்றப்பட்டுவிட்டது. குழியை மூடிச் சிமெண்டு பூசியிருந்தார்கள்.

பேச்சு திருப்பூர் வியாபாரத்தின் பக்கம் திரும்பியது. ஆர்டர் குறையும்போதெல்லாம் தம் முதலாளி ‘கோட்டா காலம்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார் என்றார் மாணவர். 2005க்கு முன்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஓர் ஆண்டில் இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் அளவு வைத்திருந்தார்கள். அந்த அளவில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அது நிலபுலம்போல ஒரு சொத்தாக இருந்தது என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த தாத்தா இடையில் புகுந்தார்.

“லே மக்கா, அந்தக் கோட்டா கைத்தறிக்கும் உண்டுமா?”

“இல்ல பாட்டா. கைத்தறிக்கு வெலக்கு. எவ்வளவு வேணும்னாலும் அனுப்பலாம்னுதான் இருந்துது.”

“அப்பம் நம்ம துணி ஏன் போகல்ல?”

மாணவர் நம்மைப் பார்த்தார். நம்மிடமும் சொல்வதற்கு விடை இருக்கவில்லை. பழைய செய்திகளையும் உடன்படிக்கை வாசகங்களையும் தேடிப் படித்து, அந்த ஒரு கேள்விக்கு நாம் கண்டுகொண்ட விடையே இக்கட்டுரை.

*

துணிக்கு வேலி போடும் வழக்கம் புதியதன்று. முதல் வேலிகள் நம் துணிக்கு எதிராகவே போடப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலேறிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவின் உடையையே மாற்றின. தோய்த்தாலும் சாயம் போகாத, மெல்லிய, மலிவான துணியை அந்நாட்டு மக்கள் அதற்கு முன் கண்டதில்லை. நம் தென்கோடியும் இவ்வணிகத்துக்குப் புறம்பாக இல்லை. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், முத்தோடு இப்பகுதித் துணிகளையும் வாங்கி அனுப்பினார்கள்.

இதைக் கண்டு முதலில் அஞ்சியது பிரான்சு. 1686இல் இந்திய அச்சுத் துணிகளுக்கு அங்கே தடை வந்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டுச் சட்டம் சாயமிட்ட, அச்சிட்ட, வரைந்த கீழைநாட்டுப் பருத்தித் துணிகளை அந்நாட்டில் அணிவதற்குத் தடை விதித்தது. வெள்ளைத் துணி மட்டும் உள்ளே வரலாம் என்று விட்டிருந்ததால், அதை வாங்கி அங்கேயே அச்சிடும் தொழில் வளர்ந்தது. கம்பளி, பட்டு நெசவாளரின் கோபம் அடங்கவில்லை. 1719இல் இலண்டனில் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி அச்சுத் துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். 1721இல் வந்த இரண்டாம் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் விலக்கியது. 1774இல்தான் அது நீக்கப்பட்டது. அதற்குள் அங்கே நூற்பு இயந்திரங்கள் வந்துவிட்டன. பின்னர் நடந்தது அனைவரும் அறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர்த் துணி நம் சந்தைகளுக்கு வந்தது; நம் தறிகள் ஓய்ந்தன.

இந்தப் பழங்கதையில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று. 1700இல் இங்கிலாந்தை அச்சுறுத்தியவன் குழித்தறியில் அமர்ந்திருந்த கைநெசவாளன். அவனைத் தடுக்க ஒரு நாடாளுமன்றம் இருமுறை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

*

இருநூற்றாண்டு கழித்துக் காற்று திசை மாறியது. 1958இல் பிரிட்டன் தான் ஏற்றுமதி செய்த பருத்தித் துணியைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாக ஆயிற்று. லங்காஷயர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காமன்வெல்த் நாடுகளின் துணிக்கு அங்கே வரியில்லா வாயில் இருந்தது. அந்த வாயிலை மூட முடியாத பிரிட்டன், வருபவர்களையே அளவோடு வரச் சொன்னது. 1959இல் ஹாங்காங்கும், அதைத் தொடர்ந்து இந்தியாவும் பாகிஸ்தானும் தம் பருத்தித் துணி ஏற்றுமதிக்குத் தாமே உச்சவரம்பு வைத்துக்கொள்ள ஒப்பின. அதற்கு முன்பே 1957இல் ஜப்பான் அமெரிக்காவுடன் இதே போன்ற ஐந்தாண்டு ஏற்பாட்டைச் செய்திருந்தது. ‘தானாக முன்வந்து கட்டுப்படுத்திக்கொள்வது’ என்று இதற்குப் பெயர். ஒப்பாவிட்டால் என்ன நேரும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான காட் உடன்படிக்கை, இறக்குமதியை எண்ணிக்கை வைத்துத் தடுக்கக்கூடாது என்றும், ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் வேறுபாடு காட்டக்கூடாது என்றும் சொன்னது. துணிக்கு மட்டும் இந்த இரண்டு விதிகளும் ஒத்திவைக்கப்பட்டன. 1961இல் ஓராண்டுக்கெனக் குறுகியகால ஏற்பாடு வந்தது. 1962இல் வந்த நீண்டகால ஏற்பாடு 1973 வரை தொடர்ந்தது. இவை இரண்டும் பருத்திக்கு மட்டுமே உரியவை. ஏற்றுமதி நாடுகள் பாலியெஸ்டருக்கும் கலப்பிழைக்கும் மாறித் தப்பிக்கத் தொடங்கியதும், கம்பளியையும் செயற்கை இழையையும் சேர்த்து வளைத்தார்கள். 1974 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை உடன்பாடு அதுதான். சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று தொடங்கிய அது, நான்கு முறை உருமாறி 1994 முடிய நீடித்தது. பிற்காலத்தில் லினனும் பட்டுக் கலப்பும்கூட அதற்குள் வந்தன. பணக்கார நாடுகள் தமக்குள் துணி விற்றுக்கொள்வதில் இத்தகைய அளவுகள் ஏதும் இல்லை. வேலி ஏழை நாடுகளை நோக்கியே நின்றது.

*

இந்த வேலி எப்படி இயங்கியது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வணிகம் அறியாத நம் போன்றோருக்கு அதன் நுட்பங்கள் வியப்பளிப்பவை.

ஆடைகள் வகை வகையாகப் பிரிக்கப்பட்டு எண் இடப்பட்டன. ஐரோப்பியப் பட்டியலில் 4ஆம் எண் பின்னலாடைச் சட்டை, அதாவது டிசர்ட். 8ஆம் எண் ஆடவர் சட்டை. 7ஆம் எண் பெண்களின் மேற்சட்டை. அமெரிக்காவின் பட்டியல் வேறு. அங்கே பருத்திப் பின்னற்சட்டைகள் 338, 339 என்ற எண்களில் வரும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓராண்டில் இந்தியா இத்தனை உருப்படி அனுப்பலாம் என்று இருநாட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படும். ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வளர்ச்சி தரவேண்டும் என்பது பொது விதி; நடைமுறையில் பல வகைகளுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைத்தது.

நாட்டுக்குக் கிடைத்த அளவை ஏற்றுமதியாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. இந்தியாவில் ஆடைகளுக்கு இப்பணியைச் செய்தது 1978இல் அமைக்கப்பட்ட ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். பெரும்பங்கு, முன்னாண்டுகளில் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கின்படி கொடுக்கப்பட்டது. ஒரு பங்கு, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் போனது. இன்னொரு பங்கு, கோட்டா இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தவர்களுக்கு ஊக்கப் பரிசுபோல வழங்கப்பட்டது. கிடைத்த உரிமையைப் பயன்படுத்த முடியாதவர் அதை இன்னொருவருக்கு மாற்றித் தரவும் இடமிருந்தது.

இங்கேதான் தாள் பணமாக மாறியது. ஒரு பேச்சுக்குச் சொல்வோம். நூறு ரூபாய்க்கு ஒரு சட்டை தைத்து நூற்றிருபதுக்கு விற்கலாம் என்றிருக்கிறது. ஆனால் அனுப்பும் உரிமை நம்மிடம் இல்லை. உரிமை உடையவர் உருப்படிக்குப் பத்து ரூபாய் கேட்கிறார். அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்தால்தான் சரக்கு கப்பலேறும். அவர் ஒரு தையல் இயந்திரம்கூட வைத்திருக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டுகளில் அவர் பெயரில் சரக்குப் போயிருந்தால் போதும். கோட்டாவின் விலை பருவத்துக்கும் வகைக்கும் ஏற்ப ஏறி இறங்கியது. நம் மாணவரின் முதலாளி சொல்லும் ‘கோட்டா காலம்’ இதுதான். அவர் பெருமூச்சு விடுவது தொழிலின் வருமானத்தை நினைத்தா, தாளின் வருமானத்தை நினைத்தா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதனால் நேர்ந்த விளைவுகள் பல. உருப்படிகளை எண்ணினார்களே தவிர, விலையை எண்ணவில்லை. ஆகவே எண்ணிக்கையை உயர்த்த முடியாதவர் உருப்படியின் மதிப்பை உயர்த்த முயன்றார். வெறும் வெள்ளைச் சட்டையின் இடத்தில் அச்சும் பூவேலையும் ஏறிய சட்டை வந்தது. தொழிலுக்கு அது நல்லதே. அளவு குறைவாக இருந்ததால் வாங்குபவனும் ஒருவரிடமே எல்லாவற்றையும் வாங்க முடியவில்லை. சின்னச் சின்ன ஏற்றுமதியாளர்களையும் தேடி வந்தான். இதுவும் நல்லதே. ஆனால் முன்செயற்பாட்டுக் கணக்கு, செய்தவனைவிட அனுப்பியவனுக்கே உரிமை தந்தது. தைத்த பெண்ணுக்கோ, சாயம் தோய்த்தவனுக்கோ, துணி பின்னியவனுக்கோ அந்தத் தாளில் பங்கு கிடையாது.

*

திருப்பூரின் கதை இந்த வேலிக்குள் நடந்தது. நொய்யலாற்றங்கரையில் பஞ்சுச் சந்தையாக இருந்த ஊர் உள்ளூர்ப் பனியனுக்குப் பெயர்பெற்றது. 1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வணிகர்கள் வெள்ளை டிசர்ட் தேடி அங்கு வந்தார்கள். தொடக்கத்தில் சரக்கு மும்பை, தில்லி வணிகர்கள் வழியாகப் போயிற்று. நாளடைவில் பனியன் முதலாளிகள் தாமே நேராக அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். 1985இல் அவ்வூரின் நேரடி ஏற்றுமதி இருபது கோடி ரூபாய்க்கும் குறைவு. கோட்டா முடிந்த 2004இல் அது பல ஆயிரம் கோடி. 1990இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அவ்வூரின் குரலாக மாறியது.

இத்தனை வளர்ச்சியும் கோட்டா இருந்தபோது நடந்தது. ஆகவே கோட்டா அவ்வூரை நசுக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. கோட்டாவே வளர்த்தது என்றும் சொல்லிவிட முடியாது. பனியன் செய்வது சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், ஒரு முதலாளி பெரிய ஆலை கட்டுவதற்குப் பதிலாகப் பல சிறு அலகுகளை வைத்திருந்தார். பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தைப்பது இன்னோரிடம் என்று ஊரே ஒரு தொழிற்சாலைபோல் இயங்கியது. ஆண்டின் இறுதியில், கைவசமுள்ள கோட்டா வீணாகிவிடக்கூடாது என்று இரவும் பகலும் வேலை நடக்கும். அது தீர்ந்தால் வேலை குறையும். கோட்டாவின் நாட்காட்டி தையல்காரியின் நாட்காட்டியாகவும் இருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து போன பிள்ளைகளின் உழைப்பும் அதற்குள் அடங்கும். சாயக் கழிவு நொய்யலில் இறங்கியதற்கு எந்த உடன்பாட்டிலும் அளவு குறிக்கப்படவில்லை. அதன் கணக்கு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோதுதான் தீர்க்கப்பட்டது.

*

வேலி எங்கே உயர்ந்ததோ, அங்கிருந்து முதல் வேறு ஊருக்குத் தாவியது. இதற்கு நம் அண்டை நாடுகள் சாட்சி. கோட்டா நிறைந்துவிட்ட தென்கொரியாவின் பெருநிறுவனமான டேவூ, வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்துடன் கைகோத்தது. 1979இல் சுமார் நூற்று முப்பது வங்கதேசத்தவர் கொரியாவுக்குப் போய்த் தையலும் நிருவாகமும் கற்றுத் திரும்பினார்கள். வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா இல்லை. 1985இல் அமெரிக்கா அந்நாட்டுக்கும் அளவு வைத்தது. ஆனால் அதற்குள் தொழில் வேர்விட்டுவிட்டது. இந்திய ஏற்றுமதியாளர் சிலர், இங்கே அளவு தீர்ந்ததும் 1980களில் காத்மாண்டுவில் தையற்கூடங்கள் திறந்தார்கள். இலங்கையில் 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் பிரேமதாச அரசு இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமப்புறங்களில் அமைக்கத் திட்டமிட்டபோது, அங்கே போக மனமில்லாத முதலாளிகளை ஈர்க்கக் கோட்டாவையே ஊக்கமாகத் தந்தது. இலங்கைக்கும் அளவு போதாமற் போனபோது, மாலத்தீவில் கூடம் அமைத்து, இலங்கைப் பெண்களைக் கொண்டுபோய்த் தைக்க வைத்தவர்களும் உண்டு.

உலகச் சந்தைக்குள் தாமாக நுழைய முடியாத சிறு நாடுகளுக்குக் கோட்டா ஓர் இடம் பிடித்துக் கொடுத்தது என்பதை மறுக்க இயலாது. தடுக்கப்பட்டவனின் இழப்பு தடுக்கப்படாதவனுக்கு வாழ்வாயிற்று. ஆனால் இரவல் வாழ்வு அது. பத்தாண்டுக்குள் வேலியை எடுத்துவிடுவதென்று 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது முடிவாயிற்று. முதல் நாளில் 16 விழுக்காடு, 1998இல் 17, 2002இல் 18 என்று வகைகளை விடுவிக்க வேண்டும். எதை முதலில் விடுவிப்பது என்பது வாங்கும் நாட்டின் விருப்பம். அவர்கள் முதலில் விடுவித்தவை குடை, பாராசூட்டு போன்றவை. எவையெல்லாம் உண்மையில் தடுக்கப்பட்டிருந்தனவோ, அவற்றில் பெரும்பகுதி எஞ்சிய 49 விழுக்காட்டோடு கடைசி நாள்வரை காத்திருந்தது. 2004 டிசம்பர் 31 நள்ளிரவோடு கோட்டா முடிந்தது. மாலத்தீவுக் கூடங்கள் மூடப்பட்டன; நேபாளத்தின் ஏற்றுமதி சரிந்தது. வங்கதேசம் அழிந்துவிடும் என்று பலர் எழுதினார்கள். அது முன்னிலும் வளர்ந்தது. இலங்கை உயர்ரக உள்ளாடைகளில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

சீனாவின் சரக்கு மட்டும் வெள்ளம்போலப் பாய்ந்தது. 2005 ஜூன் மாதத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் சீனாவோடு புதிய உச்சவரம்பு பேசி முடித்தது. அதற்குள் அனுப்பிவிட்ட பல கோடி உருப்படிகள் ஆகஸ்டில் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கிக் கிடந்தன. நவம்பரில் அமெரிக்காவும் 2008 முடியச் சீனாவுக்கு அளவு வைத்தது. அஞ்சப்படுகிறவனுக்கு வேலி மீண்டும் எழும் என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது. அந்த இடைவெளி திருப்பூருக்கும் உதவியது.

*

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். பல்லிழை உடன்பாட்டின் 12ஆம் விதியில் ஒரு பகுதி, வளரும் நாடுகளின் குடிசைத் தொழிலாக நெய்யப்படும் கைத்தறித் துணிக்கும், அத்துணியால் கையால் செய்யப்படும் குடிசைத் தொழில் பொருள்களுக்கும், மரபான நாட்டார் கைவினைத் துணிகளுக்கும் இவ்வுடன்பாடு பொருந்தாது என்கிறது. தக்க சான்று இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கதவு திறந்தே இருந்தது என்று மாணவர் சொன்னது சரிதான்.

அந்தக் கதவின் நிலையை உற்றுப் பார்த்தால் அதன் உயரம் தெரியும். துணி கையால் நெய்யப்பட வேண்டும். அதிலிருந்து செய்யும் பொருளும் கையால் செய்யப்பட வேண்டும். கைத்தறித் துணியை வெட்டித் தையல் இயந்திரத்தில் ஆயிரம் சட்டை தைத்தால், விதியின் சொற்படி அது விலக்குக்குள் நிற்காது. ஆக, கைவினையாக இருக்கும்வரை வரலாம். தொழிலாக வளர்ந்தால் வேலிக்குள் வந்து நில் என்பதே அதன் பொருள். பெருக முடியாதவனுக்கு மட்டும் அளவில்லாத அனுமதி.

இரண்டாவது காரணம் நமக்குச் சற்று எதிர்பாராதது. கோட்டாவுக்கு விலை இருந்ததற்குக் காரணம் அது குறைவாக இருந்தது. விலை இருந்ததால் அதைக் காக்கச் சங்கமும், பிரித்துக் கொடுக்கக் கழகமும், அதை நம்பி முதலீடு செய்ய முதலாளியும் வந்தார்கள். கைத்தறியின் அனுமதி அளவற்றது. ஆகவே அந்தத் தாளுக்கு விலை இல்லை. அதைத் தேடி யாரும் கோட்டாற்றுக்கு வரவில்லை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நெய்ததை வாங்கிக் கோ-ஆப்டெக்ஸுக்கு அனுப்பும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தள்ளுபடி விற்பனை நடக்கும். அதற்கு அப்பால் ஒரு சந்தை உண்டு என்பதை எடுத்துச் சொல்லக்கூட ஆளில்லை. வெளிநாட்டான் கேட்பது ஒரே நிறத்தில், ஒரே நெருக்கத்தில், குறித்த நாளில் ஐயாயிரம் கெஜம். நான்கு வீட்டுத் தறியில் நெய்த துணி நான்கு விதமாக இருக்கும். அதை நாம் அழகு என்போம். ஏற்றுமதியாளர் குறை என்பார்.

மூன்றாவது, நூல். 1990களின் தொடக்கத்தில் பருத்தி நூல் ஏற்றுமதி பெருகியது. கைத்தறிக்கு வேண்டிய சிட்டா நூலின் விலை ஏறியது. ஆந்திரத்தில் நெசவாளர்கள் பட்டினியாலும் தற்கொலையாலும் மடிந்த செய்திகள் 1991இல் வந்தன. துணியாகப் போக முடியாதது நூலாகக் கப்பலேறியது; நூலில்லாத தறி நின்றது. விலக்கு பெற்ற கைத்தறியின் பெயரில் விசைத்தறித் துணி விற்கப்பட்டதும் இக்காலத்தில்தான். 1985இல் கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. அதுவும் தாளளவில் நின்றதே மிகுதி.

போகவே இல்லை என்று சொல்லிவிடுவதும் நியாயமன்று. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் சாயம் கசியும் கட்டம்போட்ட கைத்தறிச் சட்டையை விரும்பி அணிந்தார்கள். 1970களின் நடுவில் கண்ணூர்க் கைத்தறிக் கிரேப் துணிக்கு மேலைநாடுகளில் பெரும் கிராக்கி எழுந்து, நாகரிகம் மாறியதும் அடங்கியது. கரூர், சென்னிமலைப் பகுதிகளின் விரிப்பும் துவாலையும் கடல்கடந்தன. நம் மாவட்டத்திலும் முன்னுதாரணம் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்களுக்குச் சரிகைப் பின்னலான லேஸ் கற்றுக்கொடுத்தார். 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியத் துறவி மரி லூயிஸ் தெ மேஸ்தரின் சபையும் அவ்வேலையை வளர்த்தது. அந்த லேஸ் ஐரோப்பிய வீடுகளுக்குப் போனது. வாங்குபவரை அறிந்த ஒருவர் இடையில் நின்றதால் போனது. கோட்டாற்றுத் தறிக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

*

கோட்டா முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25ஆம் நிதியாண்டில் 40,000 கோடி ரூபாயை எட்டியதாகச் சங்கத்தார் அறிவித்தார்கள். எண்ணிக்கைக்குத் தடை போனபின் விலையில் நெருக்கடி வந்தது. அளவு பங்கிட்ட காலத்தில் தேடி வந்த வாங்குபவர்கள், பிறகு பெரிய சில நிறுவனங்களையே தேர்ந்தெடுத்தார்கள். சிறு ஏற்றுமதியாளர் பலர் பிறருக்குக் கூலிக்குத் தைப்பவர்களானார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்ட செய்தியைப் படித்தோம். கோட்டா எண்ணிக்கையைத் தடுத்தது. வரி விலையைத் தடுத்தது. அஞ்சும் நாடு ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இம்முறை வரியில் கைத்தறிக்கென்று தனி விலக்கு ஏதும் இருக்கவில்லை.

1700இல் கைநெசவாளனைக் கண்டு அஞ்சி வேலி போட்டார்கள். 1974இல் அவனை மட்டும் வேலிக்கு வெளியே விட்டார்கள். இரண்டுக்கும் இடையில் அவன் திறன் குறைந்துவிடவில்லை. அவன் துணியின் நயமும் குறையவில்லை. குறைந்தது, அவனால் ஒரு சந்தையை அசைக்க முடியும் என்ற அச்சம். அவர்கள் தந்த விலக்கு அந்த அச்சம் தீர்ந்துவிட்டதற்கான சான்றிதழ். அதைச் சலுகையென்று எண்ணி நாமும் மகிழ்ந்திருந்தோம். அந்தக் கதவு வழியாகச் செல்ல அவனுக்கு நூலும், வடிவமும், வழிகாட்டியும், சந்தையும் தர வேண்டிய கடமையை நம் அரசுகளும் சங்கங்களும் போதிய அளவு செய்யவில்லை. தடுக்கப்பட்டவனுக்காகப் போராட ஆளிருந்தது. தடுக்கப்படாதவனுக்குக் குறையே இல்லையென்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கோர்த்து முடித்தபின் மீண்டும் கோட்டாற்றுக்குப் போனோம். மாணவர் திருப்பூரில் இருந்தார். தாத்தாவிடம் நாம் அறிந்ததைச் சுருக்கமாகச் சொன்னோம். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் நம் துணியைக் கண்டு பயந்து சட்டம் போட்டார்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். பின்னாளில் பயம் போய்விட்டது, அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்றோம். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய், பரணிலிருந்து ஒரு நேரியலை எடுத்துவரச் செய்து நம் கையில் தந்தார். தாம் கடைசியாக நெய்தது என்றார். பிரித்துப் பார்த்தோம். கரையின் ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

“இது போயிருக்கும் சார்,” என்றார். “கேக்க ஆளிருந்தா போயிருக்கும்.”